கொழும்பிலிருந்து அலைச்சறுக்கு ஊருக்கு ஒரு வார இறுதி: காற்றைப் பார்த்துத் திட்டமிடும் முறை

கொழும்பில் வாழும் நமக்குக் கடல் புதிதன்று. வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ புகையிரதப் பாதையைத் தாண்டினால் கடல்தான். காலிமுகத்திடலில் இறால் வடையைக் கையில் வைத்துக்கொண்டு மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதும் அதே கடலைத்தான். ஆயினும் அதற்குள் இறங்கி, அலை வரும்வரை காத்திருந்து, ஒரு பலகையின் மேல் எழுந்து நிற்கும் அலைச்சறுக்கை வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு உரியதென்று நம்மவரில் பலர் ஒதுக்கிவிட்டோம். உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் விமானமேறி வந்து அனுபவிக்கும் அலைகள் நம் வீட்டிலிருந்து சில மணித்தியாலத் தூரத்தில் உடைகின்றன என்பதை நினைக்கையில் எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து புறப்பட்டு ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்ப வேண்டியவர்களையும், இதுவரை பலகையைத் தொட்டே பாராதவர்களையும் மனத்தில் கொண்டு இதனை எழுதுகிறேன்.

முதலாவது படி: ஊரைத் தேடுமுன் மாதத்தைப் பாருங்கள்

பெரும்பாலானோர் முதலில் தங்குமிடத்தைத் தேடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டி. நமது தீவுக்கு வரும் நல்ல அலைகள் இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் வீசும் புயல்களால் பிறந்து, பல நாட்கள் பயணம் செய்து நம்மை அடைகின்றன. அவை தெற்குக் கரைக்கும் வருகின்றன, கிழக்குக் கரைக்கும் வருகின்றன. வந்த அலை பலகையில் ஏறுவதற்கு ஏற்றதாக இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது அந்தந்தக் கரையில் வீசும் காற்றுத்தான். தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று மெல்ல வீசினால், அலையின் முகம் நிமிர்ந்து நின்று, வழுவழுப்பாக, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒழுங்காக உடையும். கடலிலிருந்து கரையை நோக்கிப் பலமாக வீசினால், அதே அலை உருவம் கலைந்து நுரையாகச் சரிந்துவிடும்.

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்றை நம்மவர்கள் சோளகம் என்பார்கள். அது தென்மேற்குக் கரையை நேராக வந்து அறைகிறது. கொழும்புக் கடல் அந்த மாதங்களில் எப்படிக் கொந்தளிக்கும் என்பதைக் காலி வீதியில் வசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதே காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய வெப்பக் காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. மட்டக்களப்பாரும் அம்பாறையாரும் கச்சான் என்று அலுத்துக்கொள்ளும் அந்தக் காற்று, கிழக்குக் கரையில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், அலைச்சறுக்குக் காரர்களுக்கு அதுவே வரமாகிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றான வாடை வீசும்போது நிலைமை தலைகீழாகிறது: கிழக்கில் மழையும் கொந்தளிப்பும், தெற்கில் தெளிந்த காலைகள்.

ஆகவே கணக்கு எளிது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென்மேற்குக் கரை. மே முதல் செப்டெம்பர் வரை, சில ஆண்டுகளில் ஒக்டோபர் நடுப்பகுதி வரையும், கிழக்குக் கரை. இந்தக் கணக்கு தெரியாமல் நானும் என் தமக்கை குடும்பத்தினரும் ஒரு முறை ஜூலை மாதத்தில் தெற்கே போனோம். கடல் மண்ணிறமாக இருந்தது. அலைகள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்றே புரியவில்லை. பதினான்கு வயது மருமகன் அரை மணித்தியாலம் உப்புத் தண்ணீர் குடித்துவிட்டுக் கரைக்கு வந்து, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்றான். அவனை மறுபடி பலகையில் ஏற்ற எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. தவறு கடலிலோ பயிற்றுநரிலோ இல்லை. நாங்கள் தெரிவுசெய்த மாதத்தில்.

இரண்டாவது படி: உங்களுக்கு ஏற்ற கரை

தெற்கே போவதானால், முதன்முறை கற்பவர்களுக்கு வெலிகமவையே நான் பரிந்துரைப்பேன். சிங்களத்தில் ‘வெலி’ என்றால் மணல், ‘கம’ என்றால் கிராமம். ஊரின் பெயரே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. பிறை வடிவான அகன்ற குடாவில் அடித்தளம் பெரும்பாலும் மணலாக இருப்பதால், விழுந்தாலும் உடல் கிழிபடுவதில்லை. இடுப்பளவு நீரில் நின்றபடியே, உடைந்து நுரையாக வரும் அலையைப் பிடித்துப் பழகலாம். வளர்ந்தவர், சிறுவர், நீந்தத் தெரிந்தும் துணிவற்றவர் என எல்லோரும் ஒரே குடாவில் பழகக்கூடிய வசதி வேறெங்கும் இவ்வளவு இலகுவாகக் கிடைப்பதில்லை. குறை என்னவென்றால், பருவ உச்சத்தில் கூட்டம் அதிகம். பலகைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் அளவுக்குக் கற்பவர்கள் நிறைந்துவிடுவார்கள்.

ஓரளவு பழகியவர்களுக்கு அதே கரையோரத்தில் மேற்கே மிதிகம, அஹங்கம, கபலான ஆகிய இடங்கள் இருக்கின்றன. இவற்றுள் பல அலைகள் கற்பாறைமீதும் பவளப்பாறைமீதும் உடைபவை; அலையின் உருவம் அழகாக இருக்கும், ஆனால் ஆழம் குறைவு. ஹிக்கடுவை கொழும்புக்கு இன்னும் அருகில் இருக்கிறது. அங்கும் பாறை அலைகள் உண்டு என்பதால், முதல் நாள் கற்பவர் மணற்பாங்கான பகுதியைக் கேட்டறிந்தே இறங்க வேண்டும்.

கிழக்கே என்றால் அறுகம்குடா. உலகம் அறுகம்பே என்று அழைக்கும் அந்தக் கரையை அதன் அருகிலுள்ள பொத்துவில் ஊர் மக்கள் உல்லை என்பார்கள். 2019 செப்டெம்பரில் உலக அலைச்சறுக்கு லீக்கின் போட்டியொன்று நடந்த மெயின் பொயின்ட் அங்கேதான் உள்ளது. அலை முனையைச் சுற்றி வலப்பக்கமாக நெடுந்தூரம் ஓடும். ஆனால் அது பழகியவர்களுக்கான இடம், அடியில் பாறை. கற்பவர்கள் அதற்கு உட்புறமாக, குடாவின் அணைப்பில் இருக்கும் பேபி பொயின்டில் தொடங்கலாம். வடக்கே விஸ்கி பொயின்டும் பொத்துவில் பொயின்டும், தெற்கே எலிபன்ட் ரொக்கும் பீனட் பார்மும் முச்சக்கரவண்டியில் போய்வரக்கூடிய இடங்கள்.

கிழக்கைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இலங்கையின் அலைச்சறுக்கு ஊர்களுள் தமிழிலேயே எல்லாக் காரியத்தையும் முடித்துக்கொள்ளக்கூடியது பொத்துவில்தான். பயிற்றுநரிடம் நம் அச்சத்தை நம் மொழியில் சொல்லலாம். கரையில் நிற்கும் மீனவரிடம், ‘இன்றைக்குத் தண்ணி எந்தப் பக்கம் இழுக்குது?’ என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் எந்தக் கைபேசிச் செயலியிலும் கிடைக்காது. 2018 இல் அங்கே உருவான பெண்கள் அலைச்சறுக்குக் கழகம், உள்ளூர்ப் பெண்கள் பலகையோடு கடலுக்குள் இறங்குவதை வழமையாக்கியிருக்கிறது. மகள்மாரை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு இது பெரிய தைரியம்.

மூன்றாவது படி: திகதியைத் தீர்மானித்தல்

வெலிகமவுக்குச் சாதாரண வார இறுதி போதும். அறுகம்குடாவுக்கு வீதி வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆகவே வெள்ளி அல்லது திங்களில் போயா விடுமுறை வரும் மூன்று நாட்கள் இல்லாமல் அங்கே போவதை நான் ஊக்குவிக்கமாட்டேன். வெள்ளி இரவு பேருந்தேறிச் சனி விடியலில் இறங்கி, ஞாயிறு இரவு மறுபடி ஏறி, திங்கள் காலை நேரே அலுவலகம் போகிறவர்கள் உண்டு. தூக்கமில்லாத உடலோடு கடலுக்குள் இறங்குவது களைப்பை மட்டுமல்ல, ஆபத்தையும் தரும்.

போயா வாரத்தில் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல்நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு கூடும். நம் நாட்டில் அந்த வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவே என்றாலும், பாறை அலைகளில் ஓர் அடி நீர் குறைவதே முழங்காலைக் கிழிக்கப் போதுமானது. மணல் குடாவில் இது பெரிதாகப் பாதிக்காது. பாறையுள்ள இடத்தில் வற்று நேரத்தைத் தவிருங்கள்.

நான்காவது படி: போய்ச் சேர்தல்

வெலிகமவுக்கு மூன்று வழிகள். கோட்டையிலிருந்து மாத்தறை, பெலியத்தை நோக்கிச் செல்லும் கரையோரப் புகையிரதம் நேரே வெலிகம நிலையத்தில் இறக்கிவிடும். கடுகதி வண்டியானால் ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். வலப்பக்க யன்னலோரம் அமருங்கள். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கடல் கூடவே வரும். முற்பதிவு இல்லாதவர்கள், வண்டி மருதானையிலிருந்து புறப்படுவதாயின் அங்கேயே போய் ஏறுவது நல்லது, ஏனெனில் வெள்ளி மாலையில் கோட்டையை அடையும்போதே இருக்கைகள் நிறைந்திருக்கும். வழியில், ஹிக்கடுவைக்குச் சற்று முன் பெரலிய வரும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை ஒரு புகையிரதத்தையே மூழ்கடித்த இடம் அது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள். கடலோடு விளையாடப் போகும் பயணத்தில் அவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

இரண்டாவது, மாகும்புரவிலிருந்து தெற்கு அதிவேக நெடுஞ்சாலைப் பேருந்து. மாத்தறையில் இறங்கி, காலி நோக்கிச் செல்லும் சாதாரண பேருந்தில் பதினைந்து கிலோமீட்டரளவு திரும்பி வரவேண்டும். மூன்றாவது, சொந்த வாகனம்: கொட்டாவையில் ஏறிக் கொக்மாதுவ வெளியேற்றத்தில் இறங்கினால் வெலிகம அருகில்தான்.

பொத்துவிலுக்கு இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக ஏ4 வீதி நேரே செல்கிறது. மலை வளைவுகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதிவேக நெடுஞ்சாலையில் மத்தள வரை போய், வெல்லவாயவில் அந்த வீதியைப் பிடிக்கலாம். எந்த வழியானாலும், லகுகலையைப் பகல் வெளிச்சத்திலேயே கடந்துவிடுங்கள். அது யானைகள் நடமாடும் காடு. இருட்டிய பின் வீதியில் நிற்கும் யானை வாகன வெளிச்சத்துக்கு மிக அருகில் வரும்வரை கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஐந்தாவது படி: தங்குமிடம்

கடற்கரைக்கு நடந்து போகக்கூடிய தூரம், காலை ஐந்தரைக்கு வாசல் திறந்திருக்கும் ஏற்பாடு, நனைந்த உடுப்பைக் காயவைக்க ஒரு கொடி. இவை மூன்றும் இருந்தால் போதும். காலை உணவைத் தங்குமிடத்தில் சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டாம். நீங்கள் கடலில் நிற்கும் நேரத்தில் அது ஆறிப்போகும்.

ஆறாவது படி: கடலுக்குள்

இரண்டு காலைகளையும் கடலுக்கென்றே ஒதுக்குங்கள். காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் காற்று அடங்கியிருக்கும்; நண்பகலுக்குள் கடற்காற்று கிளம்பி அலையின் முகத்தைச் சுருக்கத் தொடங்கும். வேறெதைத் தவறவிட்டாலும் அந்த மூன்று மணித்தியாலத்தைத் தவறவிடாதீர்கள்.

முதல் நாள் கட்டாயம் பயிற்றுநரோடு இறங்குங்கள். சனிக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று என இரண்டு வகுப்புகளைப் பேசிக்கொள்வது நல்லது, ஏனெனில் முதல் நாளில் உடலுக்குப் புரிந்தது இரவு உறங்கி எழுந்த பின்னரே கால்களுக்கு வந்துசேர்கிறது. ஒரு பயிற்றுநர் இரண்டு அல்லது மூன்று பேருக்கு மேல் ஏற்கிறாரானால் வேறொருவரைத் தேடுங்கள். பலகை எட்டு அல்லது ஒன்பது அடி நீளமான, மேற்பரப்பு மென்மையான நுரைப் பலகையாக இருக்க வேண்டும். சிறிய பலகை பார்ப்பதற்கு அழகானது, கற்பவரைத் தாங்காது.

என் மருமகனின் இரண்டாவது முயற்சி ஒரு பெப்ரவரிக் காலையில் வெலிகமவில் நடந்தது. பயிற்றுநர் இளைஞர் அவனை உடனே கடலுக்குள் கூட்டிப்போகவில்லை. ஈர மணலில் விரலால் பலகையின் உருவத்தைக் கீறி, நடுவே ஒரு நேர்கோடு இழுத்து, அதன்மேல் குப்புறப் படுக்கச் சொன்னார். கால்விரல்கள் கோட்டின் முனையைத் தொட, உள்ளங்கைகள் விலா எலும்புக்கு அருகில் ஊன்ற, மார்பை உயர்த்தி, ஒரே அசைவில் கால்களை உடலுக்கடியில் கொண்டுவந்து எழ வேண்டும். இருபது தடவைக்கு மேல் அந்த மணற் பலகையில் எழுந்து விழுந்தான். முழங்கால் ஊன்றிய ஒவ்வொரு முறையும் மணலில் குழி விழ, அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தக் குழியை மட்டும் விரலால் காட்டினார். பிறகு கடலில், பலகையின் வாலை அவர் பிடித்துக்கொண்டு நிற்க, நுரை அலை வந்ததும் மெல்லத் தள்ளிவிட்டார். ஆறாவது அலையில் மருமகன் எழுந்து நின்றான். நான்கு விநாடி இருக்கும். கரையில் நின்ற என் தமக்கை கைத்தொலைபேசியில் படம் எடுக்கவே மறந்துவிட்டாள்.

அந்த முழங்கால் குழியே கற்பவர்கள் எல்லோருக்கும் நேரும் பிழை. முழங்காலில் நின்று பிறகு எழலாம் என்று நினைத்தால் பலகை நிலைகுலைந்துவிடும். இரண்டாவது பிழை கீழே பார்ப்பது. கண் கரையிலுள்ள ஏதேனுமொரு தென்னையில் நிலைக்கட்டும். மூன்றாவது, அலைக்கும் உங்களுக்கும் இடையில் பலகையை வைத்திருப்பது. அலை பலகையைத் தூக்கி முகத்தில் அடித்துவிடும். எப்போதும் பக்கவாட்டில் பிடியுங்கள். விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுந்து, மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள்.

நீரிலும் வீதிச் சட்டம் உண்டு. அலை முதலில் உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது. ஒருவர் எழுந்து வந்துகொண்டிருக்கும் அலையில் குறுக்கே ஏறக்கூடாது. பின்னால் ஆள் இருக்கையில் பலகையைக் கைவிட்டு ஓடக்கூடாது. மீன்பிடி வள்ளங்கள் கரையேறும் பாதையில் நிற்கவே கூடாது. நமக்கு விளையாட்டாக இருக்கும் கடல் மீனவர்களுக்குச் சோறு.

ஏழாவது படி: ஆபத்தை அறிந்து வைத்தல்

கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமே மணற்கரைகளில் உயிரைப் பறிப்பது. அலைகள் வரிசையாக உடையும் இடத்தில், நடுவே ஒரு பகுதி மட்டும் உடையாமல், சற்றுக் கருத்து, அமைதியாகத் தோன்றினால், அந்த அமைதியை நம்பாதீர்கள். கரைக்கு வந்த நீர் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு, கரைக்குச் சமாந்தரமாக நகர்ந்து அலை உடையும் இடத்துக்கு வாருங்கள். கணுக்காலில் கட்டிய கயிறு பலகையை உங்களோடு வைத்திருக்கும். அதை எந்தக் காரணத்துக்காகவும் கழற்ற வேண்டாம்.

புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பரப்பு எதிர்வுகூறலைக் கேளுங்கள். வானொலிச் செய்தியின் முடிவில் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, பொத்துவில் என்று பெயர்கள் வரும்போது பலர் ஒலியைக் குறைத்துவிடுகிறோம். இந்தப் பயணத்துக்கு முக்கியமான செய்தியே அதுதான். அலை எதிர்வுகூறலைப் பார்ப்பவர்கள் உயரத்தோடு, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட விநாடிகளையும் பாருங்கள். ஏழு விநாடி இடைவெளியில் வரும் ஒன்றரை மீட்டர் அலையைவிட, பதினான்கு விநாடி இடைவெளியில் வரும் ஒரு மீட்டர் அலை ஒழுங்கு கூடியதாக இருக்கலாம். அவசரமென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். எண்ணை எல்லோர் கைபேசியிலும் பதிந்துவையுங்கள்.

பையும் மீதி நேரமும்

கடல்நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருப்பதால் தடித்த நீச்சலுடை தேவையில்லை. நீண்ட கையுள்ள நீச்சல் சட்டையும் முழங்காலைத் தாண்டும் இறுக்கமான காற்சட்டையும் பலகை உரசுவதிலிருந்தும் வெயிலிலிருந்தும் காக்கும்; பெண்கள் தயக்கமின்றி நீரில் இறங்கவும் இதுவே வசதி. பொத்துவில் வீதிகளில் நடக்கும்போது நனைந்த உடுப்போடு போகாமல் மேலே ஒன்றைச் சுற்றிக்கொள்வது அந்த ஊருக்குச் செய்யும் மரியாதை. வெயிலுக்கான பசை, கிருமிநாசினி, பிளாஸ்டர், நிறையக் குடிநீர் போதும்.

பகலில் வெலிகமவில் கரைக்கு அருகே நிற்கும் தப்ரபேன் சிறுதீவைக் கரையிலிருந்தே பார்க்கலாம். பாறையில் செதுக்கிய குஷ்டராஜா சிலையும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. கிழக்கே போனவர்களுக்கு உகந்தை முருகன் கோவிலை நான் முதலில் சொல்வேன். பாணமைக்கு அப்பால், குமண வனத்தின் வாசலில், கடலைப் பார்த்த பாறைகளுக்கிடையே அது இருக்கிறது. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் காட்டுக்குள் நுழையுமுன் தங்கிச் செல்லும் இடம். காலைக் கடலை முடித்துக்கொண்டு போய், இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.

ஞாயிறன்று கடலிலிருந்து ஒன்பதரைக்குள் ஏறி, வாடகைப் பலகையை நல்ல தண்ணீரில் கழுவிக் கொடுத்துவிட்டு, ஊர்க் கடையில் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டு, இரண்டு மணிக்கு முன் வெலிகமவிலிருந்து புறப்படுங்கள். அதன் பின்னர் கொழும்பு நோக்கிய வண்டிகளில் நிற்கவும் இடம் கிடைப்பது கடினம். திரும்பும்போது கடல் இடப்பக்கம் வரும். அன்றிரவு தோளும் விலாவும் வலிக்கும்; சுடுநீரில் குளித்து, காதுக்குள் நீர் தங்காமல் துடைத்துவிட்டுப் படுங்கள்.